பிரிந்தவர்கள் திருவிழாவுக்கு வரும்போது

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வகை நாவலை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் காதலித்துப் பிரிந்த இருவர், பல வருஷம் கழித்து ஒரு விடுமுறைக்கு ஒரே ஊருக்கு வந்து சேர்கிறார்கள். கையில் இருப்பது நாலைந்து நாள். அதற்குள் பழைய கணக்கைப் பேசி முடித்தாக வேண்டும். மேலைநாட்டில் இந்தக் கதை பெரும்பாலும் கிறிஸ்துமஸ் பனியில் நடக்கும். நமக்கு ஆனி மாத வெயிலும் மாம்பழ வாசனையும் போதும்.

களமாகக் காரைக்காலுக்கு மேற்கே, திருநள்ளாறு போகிற வழியை ஒட்டியிருக்கும் தருமபுரத்தை வைத்துக்கொள்கிறேன். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஆதீனம் இருக்கிற தருமபுரம் வேறு. உங்கள் கதை நடப்பது எந்தத் தருமபுரத்தில் என்பதை முதல் அத்தியாயத்திலேயே தெளிவாக்கிவிடுங்கள். வாசகர் ஐம்பது பக்கம் தவறான ஊரை மனசில் வைத்துக்கொண்டு படித்தால், பிறகு அவரைத் திருப்பிக் கொண்டுவருவது கஷ்டம்.

இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இங்கே இருக்கும் யாழ்மூரிநாதர் கோயிலின் கதையே நம் நாவலுக்கு உரிய கதை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஞானசம்பந்தரோடு ஊர் ஊராகப் போய், அவர் பாடப்பாட யாழில் வாசித்தவர். தருமபுரம் அவருடைய தாய் பிறந்த ஊர். அங்கே வந்தபோது சொந்தக்காரர்கள், நீ யாழில் வாசிப்பதால்தான் அந்தப் பிள்ளையின் பாட்டு உலகமெங்கும் பரவுகிறது என்று பெருமை பேசினார்கள். பாணருக்கு அது பொறுக்கவில்லை. யாழில் அடங்காத பாட்டு ஒன்று பாடியருள வேண்டும் என்று சம்பந்தரிடமே போய்க் கேட்டார். அவரும் பாடினார். யாழில் வாசிக்க முடியவில்லை. பாணர் யாழை உடைக்கப் போனார். சம்பந்தர் கையை நீட்டித் தடுத்து அதை வாங்கிக்கொண்டார்.

அம்மா பிறந்த ஊர், விருந்துக்கு வந்த இடத்தில் உறவுக்காரர் பேசும் பேச்சு, அதனால் வரும் மனக்கலக்கம், உடைக்கப் போகும் கை, அதைத் தடுக்கும் இன்னொரு கை. ஒரு நாவலுக்கு வேண்டிய எலும்புக்கூடு இதில் முழுதாக இருக்கிறது. இது காதல் கதை இல்லைதான். ஆனால் உடைய இருந்த ஒன்று உடையாமல் காப்பாற்றப்பட்ட கதை. அந்த யாழோடு பாணர் கடைசிவரை சம்பந்தரை விட்டுப் பிரியவில்லை. நல்லூர்ப் பெருமணத்தில் சம்பந்தரின் திருமணத்தன்று எழுந்த சோதியில் கலக்கும்வரை கூடவே இருந்தார் என்கிறது பெரியபுராணம்.

இனி வேலைக்கு வருவோம். பிள்ளையார் சுழி போட்டதும் நீங்கள் எழுத வேண்டியது அவர்கள் மறுபடி சந்திக்கிற காட்சியை அல்ல, ஏன் பிரிந்தார்கள் என்பதை. அதை ஒரே வாக்கியத்தில் ஒரு தாளில் எழுதி மேஜைக்கு எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு உங்களை நீங்களே கேளுங்கள்: ஐந்து நிமிஷம் போனில் பேசியிருந்தால் இது தீர்ந்திருக்குமா? தீர்ந்திருக்கும் என்றால் அந்தக் காரணத்தைத் தூக்கிப் போடுங்கள். கைக்குக் கிடைக்காத கடிதம், யாரோ ஒருத்தியோடு பார்த்துத் தப்பாக நினைத்துக்கொண்டது, தோழி மாற்றிச் சொன்ன செய்தி, இவையெல்லாம் முந்நூறு பக்கத்தைத் தாங்காது. அப்படிப் பிரிந்தவர்கள் சேரும்போது வாசகருக்கு மகிழ்ச்சி வராது, இதற்கா இத்தனை வருஷம் வீணாயிற்று என்று எரிச்சல்தான் வரும்.

பிரிந்த காரணம் அந்த இருவரின் குணத்திலிருந்து வர வேண்டும். அப்போதுதான் சேர்வதற்கு யாராவது ஒருவர் மாறியாக வேண்டும். அந்த மாற்றம்தான் நாவல்.

இதைப் பழைய கதைகளை வைத்தே பார்த்துவிடலாம். தருமபுரத்தைச் சுற்றி, கூப்பிடு தூரத்திலும் கொஞ்சம் தள்ளியும், பிரிந்த தம்பதிகளின் கதைகள் மூன்று இருக்கின்றன. வேறு எந்த வட்டாரத்துக்கும் இப்படி ஒரு கொடை வாய்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

முதலில் திருநள்ளாறு. சனி நளனை விட்டு நீங்கிய ஊர் என்பது தலபுராணம். புகழேந்தியின் நளவெண்பாவில் சனி இல்லை, கலி. அந்த நூலின் மூன்று பிரிவுகளைக் கவனியுங்கள்: சுயம்வர காண்டம், கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம். சேர்ந்தது, பிரிந்தது, மறுபடி சேர்ந்தது. இந்த வகை நாவலுக்கு இதைவிட நல்ல வரைபடம் எனக்குக் கிடைக்கவில்லை. நளன் பிரிந்தது எதனால்? சூதில் எல்லாவற்றையும் தோற்றதால் அல்ல. தோற்ற பிறகும் தமயந்தி கூடவேதான் வந்தாள். தன்னால் அவள் படும் பாட்டைப் பார்க்கிற அவமானம் அவனுக்குத் தாங்கவில்லை. தூங்குகிறவளை, இருவரும் உடுத்தியிருந்த ஒற்றைத் துணியைப் பாதியாகக் கிழித்துக்கொண்டு, காட்டில் விட்டுவிட்டுப் போனான். நல்லது செய்வதாக நினைத்து அவன் செய்த கொடுமை அது.

அவள் அவனைக் கண்டுபிடிக்கிற விதத்தை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கார்க்கோடகன் கடித்து உருவம் மாறிப்போய், வாகுகன் என்ற பெயரில், அயோத்தி மன்னனிடம் தேரோட்டியாகவும் சமையற்காரனாகவும் இருக்கிறான். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. அவள் இரண்டாம் சுயம்வரம் என்று அந்த மன்னனுக்கு மட்டும் செய்தி அனுப்புகிறாள். மறுநாளே சுயம்வரம் என்றால், அவ்வளவு தூரத்தை அந்த நேரத்தில் கடந்து தேர் ஓட்டத் தெரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான். வந்தவன் சமைத்ததை வரவழைத்து ருசி பார்க்கிறாள். பிள்ளைகளை அவன் முன் அனுப்புகிறாள். அவன் அழுகிறான்.

இதை உங்கள் நாவலுக்கு அப்படியே கொண்டுவரலாம். பல வருஷம் கழித்துப் பார்க்கும்போது முடி நரைத்திருக்கலாம், உடம்பு போட்டிருக்கலாம், பேச்சே மாறியிருக்கலாம். மாறாதது கையில் இருக்கும். அவன் மாங்காய் போட்டு வைக்கிற மீன் குழம்பு, அவள் பூ கட்டும்போது நாரைப் பல்லால் கடித்து அறுக்கிற பழக்கம், இப்படி ஒன்றை முன்கதையில் சாதாரணமாகப் போட்டு வையுங்கள். விடுமுறையின் இரண்டாம் நாளில் அது வேறு யார் வழியாகவோ வந்து சேரட்டும். அத்தை வீட்டுத் திண்ணையில் யாரோ கொடுத்த குழம்பை ஒரு வாய் வைத்ததும் அவளுக்குத் தெரிந்துவிட வேண்டும். அந்த இடத்தில் 'இதயம் படபடத்தது' என்று எழுதாதீர்கள். சோற்றைப் பிசைந்த கை நிற்கட்டும், அது போதும்.

இரண்டாவது காரைக்கால் நகரத்திலேயே இருக்கிறது. புனிதவதி, பரமதத்தன். கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனியில் ஒன்றைச் சிவனடியாருக்குப் படைத்துவிடுகிறாள். மீதியைச் சாப்பிட்ட கணவன் இன்னொன்றையும் கேட்க, அவள் வேண்ட, ஒரு கனி கிடைக்கிறது. அதன் ருசி வேறாக இருக்கவே அவன் கேட்கிறான், அவள் உண்மையைச் சொல்கிறாள். நம்பாமல் இன்னொன்று வரவழைக்கச் சொல்கிறான். வருகிறது, கையில் வாங்கியதும் மறைகிறது. அவனுக்குப் பயம். இவள் மனுஷி இல்லை என்று முடிவு கட்டி, வணிகம் என்று சொல்லிக் கப்பலேறிப் போய், பாண்டிநாட்டில் வேறு கல்யாணம் செய்துகொள்கிறான். பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பேர் வைக்கிறான். சுற்றத்தார் முதல் மனைவியை அழைத்துக்கொண்டு அவன் ஊருக்கே போகிறார்கள். அவன் இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் வந்து அவள் காலில் விழுகிறான்.

மறுசந்திப்புக் காட்சிகளில் இதைவிடப் பயங்கரமானது எனக்குத் தெரியாது. அவன் அவளை வெறுக்கவில்லை. மதிக்கிறான், கும்பிடுகிறான். அதனால்தான் சேர முடியாது. கும்பிடுகிறவனோடு எப்படிக் குடும்பம் நடத்துவது? அவள் தசையை உதறிவிட்டுப் பேயுருவம் வேண்டிக்கொள்கிறாள். சேராமல் முடிகிற நாவல் எழுத நினைக்கிறவர்கள் இந்தக் காட்சியைத்தான் படிக்க வேண்டும். வில்லன் தேவையில்லை, விபத்து தேவையில்லை. ஒருவர் மற்றவரைச் சமமாகப் பார்க்க முடியாமல் போய்விட்டால் போதும்.

மூன்றாவது அதே கடற்கரையில் வடக்கே இருக்கும் பூம்புகார். உண்மையில் அதுதான் நம்முடைய முதல் விடுமுறைக் கதை. இந்திர விழா முடிவில் கடலாடப் போன இடத்தில்தான் கோவலனும் மாதவியும் கானல்வரி பாடிப் பிரிகிறார்கள். வீட்டுக்குத் திரும்பியவனைக் கண்ணகி ஒரு கேள்வி கேட்கவில்லை. பொருள் போய்விட்டதே என்று அவன் வெட்கப்பட்டுச் சொன்னதும், காற்சிலம்பு இருக்கிறது என்கிறாள். விடியுமுன் மதுரைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அவள் மனசில் இருந்தது வெளியே வருவது மதுரையில், இடைச்சேரியில், அவள் கையால் சமைத்து அவன் சாப்பிட்ட பிறகு. அவன் தன் தவறுகளைச் சொல்லி வருந்துகிறான். அவளும் நீர் செய்தது சரியில்லை என்பதை வாய் திறந்து சொல்கிறாள். அப்புறம் அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போகிறான், திரும்பி வரவில்லை.

முதல் வரைவில் பலரும் செய்கிற தவறுக்கு மருந்து இதில் இருக்கிறது. கதாநாயகி உடனே மன்னித்துவிடுகிறாள். நல்லவளாகக் காட்ட வேண்டும் என்ற ஆசை. மன்னிக்கட்டும், ஆனால் பேச வேண்டியதைப் பேசாமல் மன்னித்தால் அந்தப் பேச்சு எங்கேயோ காத்துக்கொண்டிருக்கும். இளங்கோ அதைச் சாவுக்கு முந்தைய நாழிகையில் வைத்தார். நீங்கள் அதை விடுமுறையின் நடுவில் வையுங்கள், கதை நிமிர்ந்து உட்காரும்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று போதும். ஜேன் ஆஸ்டின் இறந்த பிறகு 1817 டிசம்பரில் வெளிவந்த 'பர்சுவேஷன்'. பத்தொன்பது வயதில் பெரியவர் ஒருவரின் பேச்சைக் கேட்டு நிச்சயத்தை முறித்துக்கொண்ட பெண். எட்டு வருஷம் கழித்து அந்த மனிதன் கடற்படைக் கேப்டனாக, பணத்தோடு திரும்பி வருகிறான். பிறர் பேச்சைக் கேட்டவள் என்ற கோபம் அவனுக்கு. பிடிவாதமான இன்னொரு பெண்ணை உறுதியானவள் என்று மெச்சுகிறான். லைம் என்ற கடற்கரை ஊருக்கு எல்லோரும் சுற்றுலா போன இடத்தில் அந்தப் பிடிவாதத்தாலேயே அவள் குதித்து விழுந்து அடிபடுகிறாள். நிதானமாக நின்று ஆக வேண்டியதைச் செய்கிறவள் பழைய காதலி. உறுதி வேறு, பிடிவாதம் வேறு என்பது அவனுக்கு அப்போதுதான் உறைக்கிறது. எந்தக் குணத்தால் பிரிந்தார்களோ அதே குணத்தைப் புதிய வெளிச்சத்தில் காட்டுகிறார் ஆஸ்டின். நம் ஊர்க் கதைக்கும் இது அப்படியே பொருந்தும். அப்பா பேச்சைத் தட்டாதவன் என்று அவள் வெறுத்தாளே, அதே அப்பா படுத்த படுக்கையானபோது அவன் எப்படிப் பார்த்துக்கொண்டான் என்பதை அவள் பார்க்கட்டும்.

பிரிவு எத்தனை வருஷம்? ஆஸ்டின் எட்டு வைத்தார். திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில் எழுதுகிறவர்களுக்கு ஏழரை என்ற கணக்கு இருக்கவே இருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் யாராவது அதைச் சொல்லாமல் இருக்கமாட்டார்கள், சொல்லட்டும். ஆனால் வருஷத்தை மட்டும் எண்ணாதீர்கள், அந்த வருஷங்களில் ஊருக்கு என்ன நடந்தது என்று ஒரு பட்டியல் போடுங்கள். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடல் காரைக்கால் கரைக்குள் வந்தது. முன்கதை அந்தக் குளிர்காலத்தில் நடந்தால் அதைத் தாண்டி யாரும் காதலித்திருக்க முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல். 2020-இல் ஊரடங்கு. மயிலாடுதுறை தனி மாவட்டமானதும் 2020-இல்தான். 2016-இல் நடக்கும் காட்சியில் வடக்கே எல்லை தாண்டினால் அது நாகப்பட்டினம் மாவட்டம். இந்த மாதிரி ஒரு பிழை போதும், டெல்டா வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

விடுமுறையைத் தேர்ந்தெடுப்பதில் தருமபுரம் நமக்கு நிறையவே கொடுக்கிறது. பொங்கலும் தீபாவளியும் எல்லா ஊருக்கும் உண்டு, அவற்றை விடுங்கள். ஆனிப் பௌர்ணமியில் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்தும் கூரையிலிருந்தும் மாம்பழத்தை வாரி இறைப்பார்கள், கீழே ஆயிரம் கைகள் நீளும். கூட்டத்தில் ஒரே பழத்துக்கு இரண்டு கை போகிற காட்சியை யார் எழுதினாலும் எழுதுவார்கள், நீங்கள் எழுதாதீர்கள். புனிதவதிக்கும் பரமதத்தனுக்கும் கல்யாணம் நடக்கிற அந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு தெரிந்தும் ஒரு ஊர் வருஷா வருஷம் அந்த ஜோடிக்குச் சீர் செய்து கல்யாணம் பண்ணி வைக்கிறது. பிரிந்துபோன இருவர் கூட்டத்தில் நின்று அதைப் பார்ப்பது போதாதா?

திருவிழா நாளைப் பஞ்சாங்கத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். 2024-இல் அது ஜூன் மூன்றாம் வாரத்தில் வந்தது, 2025-இல் ஜூலை இரண்டாம் வாரத்தில். உங்கள் கதாபாத்திரம் பிரான்ஸில் இருக்கிறவர் என்றால் இந்த வித்தியாசம் கதையையே மாற்றும். அங்கே பள்ளிக்கூடம் மூடுவது ஜூலைத் தொடக்கத்தில். ஆனிப் பௌர்ணமி முந்திக்கொண்டால் பிள்ளைகளோடு வர முடியாது, தனியாகத்தான் வர வேண்டும்.

பிரான்ஸ் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. காரைக்காலில் பிரிவுக்குக் காரணமாகப் பெரும்பாலான ஊர்களில் கிடைக்காத ஒன்று கிடைக்கும், அதுதான் குடியுரிமை. 1954 நவம்பர் 1 அன்று ஊரின் நிர்வாகம் பிரான்ஸிடமிருந்து இந்தியா கைக்கு வந்தது. ஒப்பந்தம் சட்டப்படி நடப்புக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. தாத்தா அன்றைக்கு எடுத்த முடிவு பேத்தியின் கல்யாணப் பேச்சுவரைக்கும் வரும். பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா குடும்பம் என்றால் ஒரு பார்வை, மற்றவர்களுக்கு ஒரு பார்வை. அந்தக் கடவுச்சீட்டுக்காகத்தான் காதலித்தான் என்ற ஒரு சொல், யாரோ உறவுக்காரர் சாப்பாட்டுப் பந்தியில் சொன்ன சொல், ஏழரை வருஷப் பிரிவைத் தாங்கும். ஏனென்றால் அதைப் பொய் என்று போனில் நிரூபிக்க முடியாது. வாழ்ந்துதான் காட்ட வேண்டும்.

அதே தேதிகள் விடுமுறையாகவும் உதவும். நவம்பர் 1 இந்தப் பக்கம் விடுதலை நாள் விடுமுறை, சில மைல் தள்ளித் தமிழ்நாட்டுப் பக்கம் சாதாரண வேலை நாள். அவள் தருமபுரத்தில் வீட்டில் இருக்கிறாள், அவன் நாகப்பட்டினத்தில் அலுவலகத்தில். வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. அவன் லீவு போட்டுவிட்டு வருவானா என்பதே ஒரு முழு அத்தியாயம்.

மாசி மகத்தையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் அன்றைக்குத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். பத்மினித் தாயார் மீனவர் வீட்டுப் பெண் என்பதால், கரையோர மீனவர்கள் பெருமாளை மாப்பிள்ளை என்று கொண்டாடி வரவேற்பார்கள். மாமனார் ஊருக்கு வருஷம் தவறாமல் வருகிற மாப்பிள்ளை! வராமல் போன மனிதன் ஒருவனைப் பற்றி எழுத இதைவிடப் பொருத்தமான நாள் இருக்கிறதா?

இப்போது பேச்சு. இந்த வகை நாவலில் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இல்லாத ஒரு கருவி நம் கையில் இருக்கிறது, நீ, நீங்க என்ற இரண்டு சொல். ஒரு காலத்தில் நீ, வா, போ என்று பேசிக்கொண்டவர்கள் இப்போது நீங்க, வாங்க என்றால் அங்கேயே அத்தனை வருஷமும் தெரிந்துவிடும். ஒரு மாதிரி தருகிறேன். அவன் மாமா வீட்டுக்கு வந்திருக்கிறான், அவள் அடுத்த வீட்டுப் பெண். கோயில் வாசலில் பார்த்துக்கொள்கிறார்கள்.

"எப்ப வந்தீங்க?"

"காலையிலதான். மாமா வீட்டுல இருக்கேன்."

"அத்தை வரலையா?"

"அம்மா தவறிட்டாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு."

அவள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எங்கிட்ட யாருமே சொல்லலையே."

அவனை 'நீங்க' என்று தள்ளி வைத்தவளின் வாயில் அவன் அம்மா இன்னும் 'அத்தை'யாகவே இருக்கிறாள். இவர்கள் பேசியதைவிட அந்த உறவுச் சொல் அதிகம் சொல்கிறது. அடுத்த வீட்டுப் பெண் என்று வைத்ததும் யோசித்துத்தான். மாமன் மகள் என்று வைத்தால் வீடே உரிமை கொண்டாடிச் சேர்த்து வைக்கக் கிளம்பிவிடும், உங்கள் பாத்திரங்களுக்கு வேலை இருக்காது. எந்தப் பக்கத்தில் அவள் மறுபடி 'நீ' என்று சொல்லப் போகிறாள் என்பதை எழுதத் தொடங்குமுன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு இடத்திலும் அந்தச் சொல் தவறி விழுந்துவிடக் கூடாது. எழுதி முடித்ததும் இதற்காகவே ஒரு தடவை முழுப் பிரதியையும் படியுங்கள்.

முடிவு பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். சேர்க்கணுமா, பிரிக்கணுமா? 2018-இல் வந்த '96' படத்தில் தஞ்சாவூர்ப் பள்ளித் தோழர்கள் இருபத்திரண்டு வருஷம் கழித்துச் சந்திக்கிறார்கள், ஒரே ஒரு இரவு, விடிந்ததும் அவள் சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிடுகிறாள். அதை ஜனங்கள் கொண்டாடினார்கள். அதற்குப் பிறகு என்னிடம் படிக்கக் கொடுத்த கைப்பிரதிகளில் முக்கால்வாசி விமான நிலையத்திலேயே முடிந்தன. அந்தப் படத்தில் அவள் கல்யாணமானவள், தாய். அவளால் போகாமல் இருக்க முடியாது. உங்கள் இருவருக்கும் அப்படி ஒரு தடை இல்லாதபோது சோகத்துக்காகப் பிரித்தால் அது வாசகருக்குச் செய்யும் துரோகம். மேஜைக்கு எதிரே ஒட்டிய தாளைப் பாருங்கள். அதில் எழுதிய காரணம் தீர்ந்திருந்தால் சேர்த்து வையுங்கள், தயங்க வேண்டாம்.

கடைசிக் காட்சியை ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு வைப்பது வழக்கம். நான் அதற்கு மறுநாளை வைப்பேன். பந்தல் பிரிக்கிறார்கள், வீதியில் மிதிபட்ட மாங்கொட்டை, உறவுக்காரர்கள் போய்விட்டார்கள். போயிருக்க வேண்டிய அவன் மாமா வீட்டுக் கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறான். மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் துணி உலர்த்த வருகிறாள்.

"நீ போகல?"